ஆளுநரின் வீடு ஏன் ஊரைவிட்டு விலகிக்கொண்டே போனது?

இந்திய அரசியலமைப்பின் 158ஆவது பிரிவு, ஆளுநர் வாடகை ஏதும் செலுத்தாமல் தமது அதிகாரபூர்வ இல்லங்களைப் பயன்படுத்திக்கொள்ள உரிமை உடையவர் என்று சொல்கிறது. 'இல்லம்' என்று ஒருமையில் இல்லாமல் 'இல்லங்கள்' என்று பன்மையில் எழுதப்பட்டிருப்பது பலர் கண்ணில் படுவதில்லை. அது கைதவறி விழுந்த பன்மை அல்ல. 1950இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, பழைய பெரிய மாகாணங்களின் ஆளுநர்களுக்கு நகரத்தில் ஒன்று, மலையில் ஒன்று என இரண்டு மாளிகைகளாவது இருந்தன. தமிழ்நாட்டு ஆளுநருக்கு இன்றும் கிண்டியிலும் உதகமண்டலத்திலும் மாளிகைகள் உண்டு. மகாராஷ்டிர ஆளுநருக்கோ மும்பை, புனே, நாக்பூர், மகாபலேஷ்வர் என நான்கு ஊர்களில் உண்டு.

இந்த மாளிகைகளின் வரலாற்றைப் படிப்பவர்கள் பெரும்பாலும் தூண்களையும் சரவிளக்குகளையும் பற்றியே படிக்க நேர்கிறது. அவற்றைவிடக் கவனிக்கத்தக்கது அவை அமைந்திருக்கும் இடம். இன்று ஆளுநர் வசிக்கும் வரலாற்றுக் கட்டடங்களில் பல, கட்டப்பட்ட காலத்தில் ஆளுநரின் முதன்மை வீடுகளாக இருந்தவை அல்ல. தோட்ட வீடாக, வேட்டைக்குப் போகும் வழியில் தங்கும் விடுதியாக, கோடை வாசமாகத் தொடங்கியவை அவை. முதன்மை வீடு நெரிசலாகிப் போனதாலோ, நோய் பரவியதாலோ, பகட்டுக்குப் போதாமல் போனதாலோ ஆளுநர் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். அவர் விட்டுச் சென்ற வீடு நூலகமாக, ஆய்வுக்கூடமாக, பல்கலைக்கழகமாக, மருத்துவமனை வளாகமாக மாறியது. இந்த நகர்வைப் பின்தொடர்ந்தால், ஆளுநர் பதவி மக்களுக்கு எவ்வளவு தொலைவில் நிற்க விரும்பியது என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது.

கோட்டை, சேப்பாக்கம், கிண்டி

சென்னையில் இந்த நகர்வு மிகத் தெளிவாகத் தெரிகிறது. கும்பினியின், அதாவது ஆங்கிலக் கிழக்கிந்திய கம்பெனியின், தொடக்க கால ஆளுநர்கள் புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே வசித்தார்கள். வியாபாரிகளின் தலைவராக இருந்தவருக்குக் கிடங்குக்குப் பக்கத்தில் வீடு இருப்பதுதானே வசதி? கோட்டை மதிலுக்கு வெளியே கும்பினிக்கு ஒரு தோட்ட வீடும் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்து மூன்றாண்டுகள் வைத்திருந்த காலத்தில் அது இடிந்து போனது. நகரம் திரும்பக் கிடைத்த பிறகு, 1753இல், ஆளுநர் தாமஸ் சாண்டர்ஸ் காலத்தில், மதெய்ரோஸ் என்ற போர்த்துகீசிய வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த விதவை ஒருவரிடமிருந்து சேப்பாக்கத்தை ஒட்டிய ஒரு வீடும் தோட்டமும் விலைக்கு வாங்கப்பட்டன. 'மதராஸ்' என்ற பெயரே இந்தக் குடும்பப் பெயரிலிருந்து வந்தது என்று ஒரு கருத்து உண்டு. அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் பல விளக்கங்களில் அதுவும் ஒன்று. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை சென்னையை முற்றுகையிட்டபோது இந்த வீடும் சேதமடைந்து, பிறகு சீர்செய்யப்பட்டது. இன்று அரசினர் தோட்டம் என்று நாம் சொல்லும் இடம் இதுதான்.

அந்த வீட்டை மாளிகையாக்கியவர் எட்வர்ட் கிளைவ். இவர் பிளாசிப் போரின் ராபர்ட் கிளைவுடைய மகன். 1798 முதல் 1803 வரை ஆளுநராக இருந்தவர். பெரிய வரவேற்புகளுக்கு வீடு போதவில்லை என்று கருதிய அவர், அதை விரிவாக்கும் பொறுப்பை ஜான் கோல்டிங்ஹாமிடம் ஒப்படைத்தார். கோல்டிங்ஹாம் கும்பினியின் வானியலாளர். சென்னை வான்நோக்கு நிலையத்தில் விண்மீன்களை அளந்துகொண்டிருந்த ஒருவர் விருந்து மண்டபம் கட்ட வந்தது, அந்தக் காலத்தில் கணக்குத் தெரிந்த எவரும் பொறியாளராகிவிடலாம் என்பதற்கு நல்ல சான்று. மாளிகையைவிட அதை ஒட்டி எழுந்த அந்த மண்டபமே நிலைத்தது. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்ட வெற்றியைக் கொண்டாட எழுப்பப்பட்ட அது 1802இல் நிறைவடைந்தது. கிரேக்கக் கோயில் வடிவில் அமைந்த அதன் முக்கோண முகப்புகளில் வெற்றிச் சின்னங்கள் செதுக்கப்பட்டன; ஒன்று பிளாசிக்கு, மற்றொன்று சீரங்கப்பட்டணத்துக்கு. தந்தையின் போரும் மகனின் ஆட்சிக்கால வெற்றியும் ஒரே கட்டடத்தின் இரு முனைகளில் நின்றன.

இதில் இன்னொரு கணக்கும் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அடுத்த வளாகத்தில் ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை இருந்தது. 1801இல் கர்நாடகத்தின் (நவாபின் ஆட்சிப்பகுதிக்கு அன்று வழங்கிய பெயர்; இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல) நிர்வாகம் நவாபின் கையிலிருந்து கும்பினிக்கு வந்தது. மறு ஆண்டே விருந்து மண்டபம் எழுந்து நின்றது. ஆண்டுகள் அடுத்தடுத்து அமைந்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆனாலும், இனி இந்த ஊரில் அரண்மனை எது என்ற கேள்விக்குக் கல்லிலும் சுண்ணாம்பிலும் சொல்லப்பட்ட விடையாக அந்த மண்டபத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அந்த மண்டபம் பிற்காலத்தில் எதற்கெல்லாம் பயன்பட்டது என்பது கட்டியவர்கள் கனவிலும் நினைத்திராதது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத் தனிக் கட்டடம் எழும்பும் வரை அதன் பட்டமளிப்பு விழாக்கள் இங்கே நடந்தன. 1938 ஜனவரி முதல் 1939 அக்டோபர் வரை, ராஜாஜி தலைமையில் அமைந்த அமைச்சரவையின் காலத்தில், மாகாணச் சட்டமன்றம் இங்கே கூடியது. பத்தாண்டு கழித்து, 1948இல், அந்த மண்டபத்துக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது. 1969இல் அண்ணா, 1975இல் காமராஜர், 1987இல் எம்.ஜி.ஆர்., 2016இல் ஜெயலலிதா, 2018இல் கருணாநிதி என்று மறைந்த தலைவர்களின் உடல்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்ட இடமும் அதுவே. ஆளுநரின் விருந்தினர்கள் பட்டு அங்கி தரையில் புரள ஏறிச்செல்வதற்காக அமைந்த அந்த அகன்ற படிக்கட்டுகளில், செருப்பைக் கையில் பிடித்தபடி, முண்டியடித்துக்கொண்டு, அழுதுகொண்டே ஏறிய கூட்டத்தைத்தான் தமிழ்நாட்டின் மூன்று தலைமுறைகள் நினைவில் வைத்திருக்கின்றன.

மண்டபத்துக்குக் கிடைத்த வாழ்வு மாளிகைக்குக் கிடைக்கவில்லை. புதிய சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகம் கட்டுவதற்காகப் பழைய அரசினர் மாளிகை இடிக்கப்பட்டது. அந்த வளாகத்தை 2010 மார்ச்சில் பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார். ஆட்சி மாறிய பிறகு 2014இல் அது பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாக மாற்றப்பட்டது. கிளைவின் பகட்டு எழுந்த தோட்டத்தில் இன்று புற நோயாளிகள் சீட்டு வாங்க வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பாரம்பரியக் கட்டடம் இடிக்கப்பட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்த இடம் மக்கள் புழங்கும் இடமானதில் வருத்தம் இல்லை.

கிண்டியின் தொடக்கம் இதைவிடப் பழையது. 1670களில் ஆளுநராக இருந்த வில்லியம் லாங்ஹார்ன், காட்டுக்குள் ஒரு தோட்டத்தைத் திருத்தி, அதில் தமக்கென ஒரு வீடு கட்டிக்கொண்டார். அரசாங்க வீடாக இல்லாமல் சொந்த வீடாகத் தொடங்கிய அது பல கைகள் மாறியது. 1821இல், தாமஸ் மன்றோ ஆளுநராக இருந்தபோது, அரசு கிண்டியை விலைக்கு வாங்கியது. அதன் பிறகும் நகர மாளிகையே முதன்மையானது. கிண்டி விடுதி நாட்டுப்புற ஓய்வில்லமாகத்தான் இருந்தது. 1947க்குப் பிறகே ஆளுநர் முழுமையாகக் கிண்டிக்குக் குடிபோனார். சென்னையின் 'ராஜ்பவன்' என்று சொல்லப்பட்ட வெள்ளைக் கட்டடம், இரண்டாம் வீடாகவே நெடுங்காலம் இருந்து, முதல் வீடு கைவிடப்பட்டதால் முதன்மை பெற்ற ஒன்று.

கட்டடத்தைவிட கிண்டியின் நிலம்தான் பெரிய செய்தி. சுமார் 500 ஹெக்டேர் பரப்புள்ள வறண்ட பசுமைமாறாக் காடு ஒரு பெருநகரத்தின் நடுவில் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம், அது ஆளுநரின் தோட்டமாகவும் வேட்டைக்காடாகவும் இருந்ததுதான். வேலி போட்டு மக்களை வெளியே நிறுத்திய அதே அதிகாரம், வீட்டு மனை வியாபாரத்தையும் வெளியே நிறுத்தியது. 1910இல் அது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கும் காலம் வந்தது. 1950களின் இறுதியில் ஒரு பெரும்பகுதி ஐஐடிக்குப் போனது. இன்னொரு பகுதியில் மான் பூங்காவும் சிறுவர் பூங்காவும் வந்தன. காந்தி, ராஜாஜி, காமராஜர் நினைவிடங்கள் எழுந்தன. எஞ்சியதில் சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஒரு மாநகரத்துக்கு உள்ளே, வெளிமான் மேயும் தேசியப் பூங்கா அமைந்திருப்பது அரிது. அதை நமக்குக் கொடுத்தது வனத்துறையின் தொலைநோக்கு என்று சொல்வதற்கு முன்னால், ஒரு பழைய ஆளுநரின் தனிமை ஆசையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உதகை இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. வெயிலைத் தாங்க முடியாத ஆளுநர்கள் ஆண்டின் பெரும்பகுதியை நீலகிரியில் கழித்தார்கள். கோப்புகளும் எழுத்தர்களும் அவர்களோடு மலையேறின. நெடுங்காலம் வாடகை வீடுகளில் ஒப்பேற்றிய பிறகு, 1875 முதல் 1880 வரை ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமகன், தாவரவியல் பூங்காவை அடுத்த சரிவில் மாளிகை கட்டினார். கோமகன் உதகையில் கட்டுமானத்தில் மும்முரமாக இருந்த ஆண்டுகளில்தான் சமவெளியில் 1876-78 பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தைத் தின்றுகொண்டிருந்தது. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவது யாருக்கும் வசதியாக இருப்பதில்லை என்பதாலோ என்னவோ, மாளிகையின் வரலாற்றில் பஞ்சமும் பஞ்சத்தின் வரலாற்றில் மாளிகையும் அதிகம் இடம்பெறுவதில்லை.

பரேலை விட்டு மலபார் முனைக்கு

மும்பையிலும் இதே வரிசை: கோட்டை, பிறகு பரேல், பிறகு மலபார் முனை. பரேலில் இருந்தது போர்த்துகீசியர் காலத்துக் கிறித்தவத் துறவிகளின் இடம். கும்பினி அதைப் பறிமுதல் செய்து, ஆளுநரின் நாட்டுப்புற வீடாக்கி, பிற்பாடு முதன்மை இல்லமாகவே வைத்துக்கொண்டது. வழிபாட்டு இடத்தில் விருந்தும் நடனமும் நடந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குள் பரேலைச் சுற்றி ஆலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் வந்துவிட்டன. 1882இல் ஆளுநர் ஜேம்ஸ் ஃபெர்குசனின் மனைவி காலரா நோயால் இறந்தார். அதன் பிறகு, அந்தப் பத்தாண்டிலேயே, ஆளுநரின் இருப்பிடம் கடலை நோக்கி நீண்டிருக்கும் மலபார் முனைக்கு மாறியது. அங்கும் புதிதாக ஓர் அரண்மனை எழவில்லை; 1819 முதல் 1827 வரை ஆளுநராக இருந்த எல்ஃபின்ஸ்டன் தம் ஓய்வுக்கென்று தொடங்கி வைத்த பங்களாக்களின் தொகுதியே மெல்ல மெல்ல அரசு மாளிகையாயிற்று.

கைவிடப்பட்ட பரேல் மாளிகைக்கு வாய்த்த மறுவாழ்வு இந்த வரலாறு முழுவதிலும் மிக நல்லது. 1896இல் மும்பையைப் பிளேக் என்ற கொள்ளைநோய் தாக்கியபோது தடுப்பு மருந்து கண்டுபிடிக்க அழைக்கப்பட்ட வால்டெமார் ஹாஃப்கின், 1897 ஜனவரியில் தாம் தயாரித்த மருந்தைத் தம் உடலிலேயே முதலில் செலுத்திப் பார்த்தார். தொடக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியின் சிறு இடத்தில் இயங்கிய அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு, 1899இல், காலியாகக் கிடந்த பரேல் அரசினர் மாளிகை கொடுக்கப்பட்டது. ஆளுநர் குடும்பத்தைத் தொற்றுநோய் விரட்டிய கட்டடத்துக்குள் தொற்றுநோய்க்கான மருந்து பெருமளவில் தயாரானது. இன்று அது ஹாஃப்கின் நிறுவனம்.

மலபார் முனையிலும் மறந்துபோன ஒன்று இருந்தது. 2016 ஆகஸ்டில், மூடிக்கிடந்த ஒரு சுவரை உடைத்தபோது சுமார் 150 மீட்டர் நீளமுள்ள நிலத்தடிப் பதுங்கறை வெளிப்பட்டது. உள்ளே பதின்மூன்று அறைகள். வெடிமருந்துக் கிடங்கு, தோட்டா அறை, பட்டறை என்று அவற்றின் பயன்கள் சுவரிலேயே குறிக்கப்பட்டிருந்தன. சுதந்திரத்துக்குப் பின் வந்த ஆளுநர்கள் எழுபது ஆண்டுகள் ஒரு பீரங்கி நிலையின் மேல் தேநீர் அருந்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். 2019 முதல் அது அருங்காட்சியகம்.

புனேயை அடுத்த கணேஷ்கிண்ட் மாளிகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறி மும்பையில் பணம் புரண்ட நாட்களில், 1864இல், ஆளுநர் பார்ட்டில் ஃப்ரேர் அதைக் கட்டத் தொடங்கினார். போர் முடிந்தது; பருத்தி விலை சரிந்தது; வங்கிகள் மூழ்கின; செலவு மட்டும் ஏறிக்கொண்டே போனது. 1871இல் கட்டடம் முடிந்தபோது ஃப்ரேர் ஆளுநராக இல்லை. இந்த ஊதாரித்தனம் லண்டன் வரை பேசப்பட்டது. 1897 ஜூன் 22ஆம் நாள் இரவு, விக்டோரியா மகாராணியின் வைர விழா விருந்து இங்கே முடிந்து, கொள்ளைநோய்த் தடுப்பு என்ற பெயரில் வீடு வீடாகப் புகுந்து கெடுபிடி செய்ததாக வெறுக்கப்பட்ட அதிகாரி ராண்ட் வண்டியில் திரும்பியபோது, கணேஷ்கிண்ட் சாலையில் சாபேகர் சகோதரர்கள் அவரைச் சுட்டார்கள். ஊரில் நோயும் வீடு வீடாகச் சோதனையும் நடந்துகொண்டிருக்க, மாளிகையில் வாணவேடிக்கை நடந்த இரவு அது. 1949இல் அந்த மாளிகை புதிதாகத் தோன்றிய புனே பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கப்பட்டது.

கொல்கத்தா: நகராத மாளிகை

கொல்கத்தா இந்த விதிக்கு விலக்கு. கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி 1799இல் நகரத்தின் நடுவிலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி, அரசினர் மாளிகையைத் தொடங்கினார், 1803இல் முடித்தார். கும்பினி இயக்குநர்களுக்கு எழுந்த கோபம் அவர் திருப்பி அழைக்கப்பட்டதற்கான காரணங்களில் ஒன்றாயிற்று. மாளிகைக்கு ஆன செலவு 63,291 பவுன். அந்த ஆண்டு திறப்பு விருந்தில் கலந்துகொண்ட வாலென்ஷியா பிரபு, இந்தியா அரண்மனையிலிருந்து ஆளப்பட வேண்டுமே தவிர கணக்கெழுதும் அறையிலிருந்து அல்ல என்று அந்தச் செலவை நியாயப்படுத்தி எழுதினார். மஸ்லினும் அவுரியும் விற்றவர்கள் தங்களை அரசர்களாக எண்ணத் தொடங்கிய தருணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

வடிவமைத்தவர் சார்லஸ் வயட் என்ற படைப் பொறியாளர். இங்கிலாந்தின் டார்பிஷையரில் உள்ள கெடில்ஸ்டன் மாளிகையின் வரைபடத்தை அவர் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார். நடுவில் ஒரு பெரிய கட்டடம், நான்கு மூலைகளிலும் வளைந்த நடைவழிகளால் இணைக்கப்பட்ட நான்கு சிறகுகள் என்பது அந்த வரைபடம். கெடில்ஸ்டனில் இரண்டு சிறகுகளுக்கு மேல் கட்டப்படவில்லை; கொல்கத்தாவில் நான்கும் கட்டப்பட்டன. எந்தத் திசையில் காற்று வீசினாலும் ஒரு சிறகாவது அதைப் பிடித்துக்கொள்ளும். கெடில்ஸ்டன் கர்சன் குடும்பத்தின் பூர்வீக வீடு. 1899இல் வைஸ்ராயாக வந்த கர்சன், தாம் பிறந்து வளர்ந்த வீட்டின் முழுமையடைந்த வடிவத்துக்குள் கடல் கடந்து வந்து குடியேறினார்.

ஆடம்பரத்துக்குக் குறைவில்லை, ஆனால் இந்த மாளிகைக்குள் சமையலறை இல்லை. சமையல் தெருவுக்கு அப்பால் வேறொரு கட்டடத்தில் நடந்தது. அங்கிருந்து பெட்டிகளில் வைத்து, ஆட்கள் தோளில் சுமந்து கொண்டுவந்த உணவுதான் வைஸ்ராயின் மேசைக்கு வந்தது. வெள்ளிப் பாத்திரத்தில் ஆறிப்போன சூப்பை அருந்திய பேரரசு என்று யாராவது கேலி செய்தால் மறுப்பதற்கு அதிகம் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொருத்தப்பட்ட, பறவைக்கூண்டு போன்ற மின்தூக்கி இன்றும் அங்கே இருக்கிறது.

இங்கேயும் ஒரு நகர்வு உண்டு. அது எதிர்த்திசையில் நடந்தது. தலைநகரம் டெல்லிக்கு மாறும் என்று 1911இல் அறிவிக்கப்பட்டு, மறு ஆண்டு வைஸ்ராய் வெளியேறியபோது, அதுவரை அலிப்பூரில் பெல்வெடேர் மாளிகையில் வங்காளத் துணைநிலை ஆளுநர்கள் வசித்துவந்த வழக்கம் முடிந்தது. புதிய வங்காள ஆளுநர் நகர நடுவே உள்ள பெரிய மாளிகைக்கு வந்தார். பெல்வெடேர் சுதந்திரத்துக்குப் பின் தேசிய நூலகமானது. 1947 ஆகஸ்டு 15 அன்று மேற்கு வங்கத்தின் முதல் ஆளுநராக ராஜாஜி பதவியேற்ற நாளில், கூட்டம் கூட்டமாக மக்கள் வாயிலைக் கடந்து மாளிகைக்குள் புகுந்து அறை அறையாகச் சுற்றிப் பார்த்தார்கள். நூற்று நாற்பத்து நான்கு ஆண்டுகள் வெளியிலிருந்தே பார்த்த வீட்டின் உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆவல் இயல்பானதுதான். ராஜாஜியின் மகள் வழிப் பேரன் கோபாலகிருஷ்ண காந்தி 2004 முதல் 2009 வரை அதே மாளிகையில் ஆளுநராக இருந்தார். மாநிலமே மின்வெட்டில் தவித்த 2008இல், மாளிகையிலும் தினமும் இரண்டு மணி நேரம் விளக்குகளை அணைக்கச் சொன்னார். அதை நாடகம் என்றவர்களும் உண்டு.

கட்டப்படாத அரண்மனை

சுதந்திர இந்தியா தானே முன்வந்து திட்டமிட்ட ஆளுநர் மாளிகை ஒன்று உண்டு, அது கட்டப்படவில்லை. பஞ்சாபின் புதிய தலைநகராகச் சண்டிகரை வடிவமைத்த லெ கொர்பூசியே, சட்டமன்றம், தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம் ஆகியவற்றுக்கு மேலே, மலைகளைப் பின்னணியாகக் கொண்டு, வளாகத்தின் உச்சியில் ஆளுநர் மாளிகையை வரைந்திருந்தார். ஜனநாயகத்தில் அப்படி ஓர் அரண்மனை பொருந்தாது என்று நேரு கருதினார். திட்டம் கைவிடப்பட்டது. மற்ற மூன்று கட்டடங்களும் எழுந்தன. நான்காவதன் இடம் இன்றும் வெற்றிடமாகத்தான் இருக்கிறது. புதிதாகக் கட்டுவதை நிறுத்திய இந்தக் கூச்சம், பழைய மாளிகைகளில் தொடர்ந்து வசிப்பதை மட்டும் ஏன் தொடவில்லை என்பது நியாயமான கேள்வி. கட்டியாகிவிட்ட ஒன்றை இடிப்பதைவிடப் பயன்படுத்துவது சிக்கனம் என்பது ஒரு விடை. பதவியின் மரியாதை கட்டடத்தில்தான் இருக்கிறது என்று நம்பியவர்கள் எல்லாக் கட்சிகளிலும் இருந்தார்கள் என்பது இன்னொன்று.

தேவை வந்தால் ஆளுநருக்கு எந்தக் கட்டடமும் போதும் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. சிம்லாவில் பீட்டர்ஹாஃப் மாளிகைதான் இமாச்சல ஆளுநரின் இல்லமாக இருந்தது. காந்தி கொலை வழக்கின் மேல்முறையீடு 1949இல் விசாரிக்கப்பட்டதும் அதே கட்டடத்தில்தான்; அப்போது அது பஞ்சாப் உயர் நீதிமன்றம். 1981 ஜனவரியில் அது எரிந்துபோனதும் ஆளுநர் பார்ன்ஸ் கோர்ட்டுக்கு மாறினார். இலங்கையின் ஆளுநராக இருந்துவிட்டுப் பிறகு இந்தியாவின் தலைமைத் தளபதியாக வந்த எட்வர்ட் பார்ன்ஸின் பெயரால் அமைந்த வீடு அது. 1972 ஜூலையில் இந்திரா காந்தியும் பாகிஸ்தான் அதிபர் பூட்டோவும் சிம்லா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது அங்கேதான். ஆந்திரப் பிரதேசம் பிரிந்தபின் ஹைதராபாத் மாளிகை தெலங்கானாவின் பங்கில் போக, 2019இல் ஆந்திரத்துக்குத் தனி ஆளுநர் வந்தபோது, விஜயவாடாவில் நீர்ப்பாசனத் துறை அலுவலகமாக இருந்த கட்டடமே சீரமைக்கப்பட்டு அவருடைய மாளிகையாயிற்று. அங்கே நின்று அமைச்சர்கள் எடுத்த உறுதிமொழி எந்த விதத்திலும் செல்லாததாகிவிடவில்லை.

பெயரும் செலவும்

ஆங்கிலேயர் காலத்தில் இவை அரசினர் மாளிகைகள். சுதந்திரத்துக்குப் பின் 'ராஜ்பவன்' ஆயின. 2025 நவம்பர் இறுதியில், ராஜ் என்ற சொல்லில் காலனிய வாடை அடிக்கிறது என்ற வாதத்தின்பேரில், இவற்றை 'லோக் பவன்' என்று மாற்றும்படி ஒன்றிய உள்துறை அமைச்சகம் கேட்டுக்கொண்டது. மாநிலங்களில் பெயர்ப்பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. தமிழில் முன்பு 'கவர்னர் பங்களா' என்றோம், பிறகு 'ஆளுநர் மாளிகை' என்றோம். மக்கள் பேச்சில் 'மாளிகை' என்ற சொல் போகவில்லை, போவதாகவும் தெரியவில்லை.

செலவைப் பற்றிய நிலை பெயரைவிட முக்கியமானது. அதுவே அதிகம் பேசப்படாததும் கூட. ஆளுநரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். அதாவது நடைமுறையில் ஒன்றிய அரசு. அவருடைய ஊதியமும் படிகளும் அலுவலகச் செலவும், அரசியலமைப்பின் 202ஆவது பிரிவின்படி, மாநிலத்தின் தொகுப்பு நிதியின் மீது சார்த்தப்பட்டவை. அப்படிச் சார்த்தப்பட்ட செலவைச் சட்டமன்றம் விவாதிக்கலாம். அதன் மீது வாக்கெடுப்பு நடத்த முடியாது. ஆளுநர் மாநில அரசின் தயவில் இருக்கக்கூடாது என்பது இதன் நோக்கம். நீதிபதிகளின் ஊதியத்துக்கும் இதே பாதுகாப்பு உண்டு என்பதால் இதில் தனிப்பட்ட அநியாயம் எதுவும் இல்லை. ஆயினும், ஆளுநரும் மாநில அரசும் மோதிக்கொள்ளும் காலங்களில், தாங்கள் தேர்ந்தெடுக்காத ஒருவரின் வீட்டுக்குத் தாங்களே மறுக்க இயலாத செலவைச் செய்கிறோம் என்ற மனக்குறை மாநிலங்களில் எழுவதும் இயல்பு. ஆட்டுக்குத் தாடியும் நாட்டுக்குக் கவர்னரும் எதற்கு என்ற அண்ணாவின் பெயரில் வழங்கும் கேள்வி தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தேய்ந்துபோகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த மோதலில் மாளிகைகளின் தொலைவும் சில வேளைகளில் ஒரு பாத்திரம் ஏற்கிறது. 2022 ஏப்ரல் 25 அன்று, பக்கிங்ஹாம் கோமகன் கட்டிய உதகை மாளிகையில், மாநிலப் பல்கலைக்கழகங்களின் வேந்தர் என்ற முறையில் ஆளுநர் ஆர்.என்.ரவி கூட்டிய துணைவேந்தர்கள் மாநாடு தொடங்கியது. அதே நாளில், மலைக்குக் கீழே, தொடக்க கால ஆளுநர்கள் குடியிருந்து வெளியேறிய புனித ஜார்ஜ் கோட்டையில் கூடியிருந்த சட்டமன்றம், துணைவேந்தர்களை நியமிக்கும் அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றும் மசோதாவை நிறைவேற்றியது. சட்டமாவதற்கு அது ஆளுநரின் ஒப்புதலுக்குத்தான் போக வேண்டியிருந்தது.